சூடானால் மட்டும் சாகிற இக்னிஷன் காயில்

காலையில் எடுத்தால் வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இருபது நிமிடம் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மேட்டில் ஏறும்போது, அதுவும் ஏசி போட்டிருந்தால், வெட்டி வெட்டிப் போகும். சமதளம் வந்ததும் எதுவும் நடக்காத மாதிரி ஓடும். பெட்ரோல் சரியில்லை என்று நினைத்து அடுத்த முறை வேறு பங்கில் போட்டேன். அப்புறம் ஏர் ஃபில்டரை மாற்றினேன். இப்படியே இரண்டு வாரம் ஓட்டிவிட்டேன்.

பிறகு ஒருநாள் செக் இன்ஜின் விளக்கு வந்தது. நிலையாக எரியவில்லை, விட்டுவிட்டு மினுக்கியது. நிலையாக எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று ஓட்டலாம்; மினுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்ட வேண்டும். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரியும், அந்தச் சூட்டில் உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பகுதி உருகிவிடும். இக்னிஷன் காயில் (சிலிண்டருக்கு ஒன்றாக இருந்து, தீப்பொறிக்கான மின்சாரத்தைக் கொடுக்கும் சுருள்) செலவோடு போக வேண்டியது கன்வெர்ட்டர் செலவில் போய் நிற்கும்.

வண்டியின் கணினியோடு பேசும் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் இரண்டு கோளாறுக் கோட் (குறியீடு). ஒன்று பி0302, அதாவது இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியாமல் விடுபடுவது (கடைசி எண்தான் சிலிண்டர் எண், பி0300 என்று வந்தால் ஒரு சிலிண்டரில் நிற்காமல் பல சிலிண்டர்களில் மாறி மாறி வருகிறது என்று அர்த்தம்). இன்னொன்று பி0171, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்பது. இதைப் பார்த்த நண்பர் ஒருவர் ஆக்சிஜன் சென்சர்தான் போயிருக்கிறது என்று அடித்துச் சொன்னார், நானும் வாங்கத் தயாராகிவிட்டேன். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பது இதுதான். தீப்பொறி விழாத சிலிண்டரிலிருந்து உபயோகமாகாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வருகிறது, சென்சர் அதை உள்ளபடி சொல்கிறது, வண்டியின் கணினி அதை நம்பி இன்னும் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டி ஊற்றுகிறது. சென்சர் மேல் ஒரு தப்பும் இல்லை.

சரி, மேட்டில் மட்டும் ஏன்? பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் வரை ஏற்றித்தான் ஸ்பார்க் பிளக் முனையில் இருக்கும் இடைவெளியைத் தாண்ட வைக்கிறது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் காற்று அதிகம் போகும், அழுத்தம் கூடும், அந்த நெரிசலில் தீப்பொறி தாண்டுவதற்கு வோல்ட்டேஜும் கூட வேண்டும். காயிலுக்குள் மின்சாரம் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷன் எங்கேயாவது பலவீனமாக இருந்தால் மின்சாரம் பிளக்கைத் தாண்டுவதைவிட அந்த வழி சுலபம் என்று அங்கே ஓடிவிடும். சூட்டில் அந்தப் பலவீனம் கூடும். அதனால்தான் ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் நிற்கும்போது) சாதுவாக இருக்கிற வண்டி மேட்டில் மானத்தை வாங்குகிறது.

மல்டிமீட்டரை வைத்தேன். பிரைமரி, அதாவது காயிலுக்குள் பேட்டரி பக்கத்துச் சுருள், 0.7 ஓம், நான்கு காயிலும் கிட்டத்தட்ட ஒன்றே. மீட்டர் இங்கே பெரிதாக உதவாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. சுருள் முழுசாக அறுந்திருந்தால் காட்டும். முப்பதாயிரம் வோல்ட்டில் கசிகிற இன்சுலேஷனை மீட்டரின் சின்ன பேட்டரி எப்படிக் கண்டுபிடிக்கும்? கனெக்டரில் மூன்று நான்கு பின் (மின்முனை) உள்ள காயில்களில் உள்ளேயே எலக்ட்ரானிக் சர்க்யூட் இருப்பதால் இந்த அளவுக்குக்கூட அளக்க முடியாது.

மிச்சம் இருப்பது இடம் மாற்றிப் பார்ப்பது, என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான சோதனை இல்லை. இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றுக்கும் மூன்றின் காயிலை இரண்டுக்கும் மாற்றி, ஸ்கேனரில் அந்தக் கோட்களை அழித்துவிட்டு, அதே மேட்டில் ஓட்ட வேண்டும். வீட்டு வாசலில் நிறுத்திவைத்து உறுமவிட்டால் போதாது. நான் முதல் தடவை ஆர்வக்கோளாறில் காயிலோடு பிளக்கையும் சேர்த்து மாற்றிவிட்டேன், பி0303 வந்தது, குற்றவாளி இரண்டில் யார் என்று சொல்ல வழியில்லை. மறுபடி எல்லாம் கழற்றி, பிளக்குகளைப் பழைய இடத்திலேயே போட்டு, காயில் மட்டும் மாறியிருக்கும்படி ஓட்டினேன். மறுபடியும் 0303. காயில்தான்.

இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு காயிலாகக் கழற்றி எதில் சத்தம் மாறவில்லை என்று பார்க்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஷாக் ஒருபக்கம், எரியாத பெட்ரோல் மறுபடி கன்வெர்ட்டருக்குப் போகும். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டுக் கழற்றுங்கள். சூட்டில் காய்ந்துபோன கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு அவசரப்பட்டால் படக்கென்று உடையும் (ஒன்றை உடைத்தேன், இன்னும் டேப் சுற்றித்தான் இருக்கிறது).

புதுக் காயிலைப் போட்டேன், வண்டி பறந்தது. பிளக்கை மாற்றவில்லை. ஓடுகிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற சோம்பேறித்தனம்தான்.

நான்கு மாதத்தில் அதே மேடு, அதே வெட்டல், அதே பி0302. டூப்ளிகேட் காயிலைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபம். ஆனாலும் பழைய பாடத்தை மறக்காமல் காயிலை மட்டும் மூன்றுக்கு மாற்றி ஓட்டினேன். காயில் மூன்றுக்குப் போய்விட்டது, கோளாறு இரண்டிலேயே உட்கார்ந்திருந்தது.

பிளக்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் மேல், மேலிருந்து கீழே இரும்பு வரைக்கும், கூரான பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தீப்பொறி உள்ளே தாண்டாமல் வெளிப்பக்கமாகவே இறங்கிப் போட்ட கரித்தடம். துடைத்தால் போகாது, ஒருமுறை அந்தத் தடம் விழுந்துவிட்டால் மின்சாரத்துக்கு அது பாதையாகிவிடும். பிளக் முனையின் இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது தேய்ந்து 1.4க்கு வந்திருந்தது. இடைவெளி கூடினால் காயில் இன்னும் அதிக வோல்ட்டேஜ் கொடுக்க வேண்டும், பழைய காயிலும் இப்படி மாடாய் உழைத்துத்தான் போயிருக்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. டார்ச் அடித்து பிளக் குழிக்குள் பார்த்தால் அடியில் பளபளவென்று ஆயில். வால்வ் கவர் பக்கத்து சீல் காய்ந்து கசிந்திருக்கிறது. அதில் ஊறிய காயில் அடிப்பக்க ரப்பர் உப்பி, விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று அமுங்கியது. சீல், அந்த ரப்பர், நான்கு பிளக்கும் புதிது போட்டேன். குழியைத் துடைத்த பிறகுதான் பிளக்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை அழுக்கும் சிலிண்டருக்குள் விழும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் அந்த மேட்டில் பல தடவை ஏசியோடு ஏறிவிட்டேன். முதலில் கழற்றிய பழைய காயில் இன்னும் டூல் பெட்டியில்தான் கிடக்கிறது. போன வாரம் கூட மீட்டரில் வைத்துப் பார்த்தேன், 0.7 ஓம், நல்ல பிள்ளை மாதிரி.