கல்லு இன்னா செக்கு மாடா?

பள்ளி மலருக்கு ஏதாவது எழுது என்று பழைய மாணவர் சங்கத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. ஆண்டு விழா நாடகத்தையும் சத்துணவு வரிசையில் நடந்த சண்டைகளையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் நம் ஐந்தாம் வகுப்பு டீச்சர் கல் பாடம் நடத்திய கதையை எழுதுகிறேன். வருஷம் 1983. அப்போது நாமெல்லாம் வட ஆற்காடு மாவட்டத்துக்காரர்கள்.

‘தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை’ என்று நம் வேலூரைக் கேலி பேசுவார்களே, டீச்சருக்கு அதுவே வசதியாகப் போயிற்று. மரம் மூடியிருந்தால் பாறை எப்படிக் கண்ணில் படும், ஆற்றில் வெள்ளம் போனால் மணலில் எப்படி இறங்குவது என்பார்.

முதல் நாள் வகுப்புக்கு மண்ணெண்ணெய் ஸ்டவ் வந்தது. இரும்புக் கரண்டியில் சர்க்கரையை உருக்கி, ஒரு சொட்டைத் தண்ணீர் டம்ளரில் விட்டார். ‘சொய்ங்’ என்று இறுகிக் கண்ணாடிச் சில்லாகிவிட்டது. அப்புறம் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து ஆளுக்கு ஒரு கற்கண்டு கொடுத்தார். “சட்டுனு ஆறினா கண்ணாடி. நிதானமா விளைஞ்சா மணி. தின்னுடாதீங்கடா, மொதல்ல பாருங்க.” பாதிப் பேர் அதற்குள் தின்றுவிட்டோம். கற்கண்டு சர்க்கரைக் கரைசலில் விளைவது, உருகிய பாகு ஆறி வருவதில்லை என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஆனாலும் மெதுவாக என்றால் பெரிய மணி என்ற கணக்கு பாறைக்கும் சரிதான். எரிமலைக் குழம்பு வெளியே வந்து சீக்கிரம் ஆறினால் பசால்ட், மணிகள் கண்ணுக்கே தெரியாது. பூமிக்கு அடியில் ஆற அமர இறுகினால் கிரானைட். இரண்டுமே தீப்பாறை.

அந்த வாரமே கோட்டைக்குக் கூட்டிப்போனார். அகழி ஓரத்தில் நின்று, “சுவத்தத் தடவிப் பாருங்க. கோட்டைக்கு 400 வருஷத்துக்கு மேல ஆச்சு. கல்லுக்கு?” என்றார். யாரோ ஆயிரம் என்றான். நம் பக்கத்துப் பாறைகளுக்குச் சுமார் 250 கோடி வருஷம் என்று கல்லூரியில் படித்தபோது அந்தச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

படிவுப் பாறைக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பாலாற்று மணல், ஏரி வண்டல், கூழாங்கல் எல்லாவற்றையும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஜன்னலில் வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் காலையில் அடியில் கல், மேலே மணல், அதற்கும் மேலே வண்டல் என்று அடுக்கு அடுக்காக நின்றது. இந்த மணலே நம் மலை உதிர்ந்து வந்ததுதான், கடலுக்குப் போய்ப் படிந்து அழுந்தினால் மறுபடி கல் என்றார்.

உருமாறிய பாறைக்கு நான்தான் பலி. என்னுடைய கல் சிலேட்டு, அண்ணன் எழுதி, அக்கா எழுதி என்னிடம் வந்தது, அன்றைக்குக் கைநழுவி விழுந்து உடைந்தது. அடி விழும் என்று நினைத்தேன். டீச்சர் குனிந்து ஒரு துண்டைப் பொறுக்கி ஓரத்தைக் காட்டினார். வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. “சேறுடா இது. அழுந்திக் களிக்கல்லாகி, இன்னும் அழுந்திச் சூடேறி சிலேட்டாச்சு. நீ சேத்து மேலதான் அ, ஆ எழுதின.” வீட்டில் விழுந்த அடியை இங்கே எழுத வேண்டாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சையில் பாறைச் சுழற்சிப் படம், அதாவது ஒரு வகைப் பாறை இன்னொரு வகையாக மாறுவதைக் காட்டும் படம். நான் அழகாக வட்டம் போட்டு, தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை, திரும்பவும் தீப்பாறை என்று ஒரே திசையில் அம்புக்குறி போட்டிருந்தேன். ஒரு மார்க் குறைத்துவிட்டார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது டீச்சர் என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“கல்லு இன்னா செக்கு மாடா, ஒரே பக்கமா சுத்த? வேலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறினா காட்பாடி போய்த்தான் ஆற்காடு போவணுமா?”

“இல்ல டீச்சர், நேரா போவலாம்.”

“அதான். கிரானைட் மணலாகாமலே அழுந்தி, வரி வரியா இருக்குமே நைஸ்னு ஒரு உருமாறிய பாறை, அதா ஆவும். சிலேட்டும் உதிர்ந்து மறுபடி சேறாவும். படிவுப் பாறை உருகித் தீப்பாறையும் ஆவும். போ, குறுக்கே அம்பு போடு.”

அங்கேயே நின்று போட்டேன். குறுக்கும் நெடுக்குமாக அம்பு விழுந்து படம் சிலந்தி வலை மாதிரி ஆகிவிட்டது. பார்த்துச் சிரித்தார், சிவப்பு மையில் டிக் போட்டார். குறைத்த அந்த ஒரு மார்க்கை மட்டும் கடைசிவரை திருப்பிப் போடவில்லை.