தைனான் கன்பூசியஸ் கோயில்: சில நாட்குறிப்புகள்

செப்டம்பர் 26

தைவானின் தென்பகுதி நகரமான தைனானில் வெயில் இன்னும் தணியவில்லை. நான்மென் சாலையோரம் மர நிழலில் நீள்கிற சிவப்புச் சுவர்தான், சீன ஞானி கன்பூசியஸின் கோயில். வாசலருகே 1687ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனத்திலும், அப்போது ஆண்ட சிங் வம்சத்தின் மஞ்சு எழுத்திலும். அதிகாரி, படைவீரர், பொதுமக்கள் யாராக இருந்தாலும் இங்கே குதிரையிலிருந்து இறங்க வேண்டுமாம். வாயிலின் மேல் 'தைவானின் முதல் கல்விக்கூடம்' என்று பலகை. பார்த்ததுமே மனசு நிறைந்துவிட்டது. உள்ளே போவதற்குள் இருட்டிவிட்டது.

செப்டம்பர் 27

காலையிலேயே போய்விட்டேன். சீனத் தளபதி கொக்சிங்கா டச்சுக்காரர்களைத் தைவானிலிருந்து வெளியேற்றிய மூன்றே ஆண்டுகளில், 1665இல், அவர் மகன் ஜெங் ஜிங் ஆட்சியில் எழுந்த கோயில் இது. வற்புறுத்தியவர் அமைச்சர் சென் யோங்ஹுவா. நிலம் சிறிது, மக்கள் குறைவு, பிறகு பார்க்கலாம் என்று ஜெங் ஜிங் தயங்கினாராம். நாட்டின் அளவு பெரிதல்ல, தகுதியான மனிதர்கள்தான் தேவை என்று சென் விடவில்லை.

கிழக்கே பாடம் நடந்த மிங்லுன் மண்டபம், மேற்கே வழிபாட்டுக்கான தாச்செங் மண்டபம். இரண்டும் ஒரே வளாகம். தாச்செங் மண்டபத்தில் சிலை கிடையாது. கன்பூசியஸின் பெயர் எழுதிய பலகைதான். அண்ணாந்தால் ஆட்சியாளர்கள் வைத்த பலகைகள். சிங் வம்சத்துக் காங்சி பேரரசர் 'எத்தலைமுறைக்கும் ஆசான்' என்கிறார். தைவானின் முன்னாள் அதிபர் சியாங் காய்-ஷேக்கின் பலகை, கல்வியில் பேதமில்லை என்கிறது. ஒரு ஆசிரியருக்கு முன்னால் இத்தனை அதிகாரம் தலைகுனிந்திருக்கிறது! ஆனாலும் நான் அதிக நேரம் நின்றது மிங்லுன் மண்டபத்தில்தான். படிப்பு இல்லாவிட்டால் இந்த வழிபாட்டுக்கே பொருளில்லை என்று தோன்றியது.

அப்புறம் வென்சாங் மாடம். கீழ்த்தளம் சதுரம், நடுத்தளம் வட்டம், மேல்தளம் எண்கோணம். நடுவில் கல்வித் தெய்வம் வென்சாங், உச்சியில் தேர்வுகளுக்கான குய்சிங்.

செப்டம்பர் 28

கன்பூசியஸ் பிறந்த நாள். தைவானில் ஆசிரியர் தினமும் இன்றுதான். இருட்டோடு எழுந்து போனேன். முரசு முழங்கியதும் கூட்டத்தில் பேச்சு நின்றது. யிச்செங் கல்விக்கழகத்தார் சடங்கு இசை வாசிக்க, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக ஆடினார்கள். ஒரு கையில் குழல், மறு கையில் நீண்ட இறகு. முன்வரிசைச் சிறுவன் ஒருவன் உதட்டைக் கடித்தபடி அடி எண்ணிக்கொண்டிருந்தான். இறகு சாயும்போதெல்லாம் கட்டைவிரலால் நேராக்கினான், அடி தவறவே இல்லை. அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் அங்கேதான் எங்கோ நின்றிருப்பார். அவரையும் பார்த்து வணங்கியிருக்கலாம், கூட்டத்தில் முடியவில்லை.