அரிக்காத தூசி

உலைகளின் உட்சுவரில் சூடு தாங்கப் பொருத்தும் செராமிக் ஃபைபர் இழை வேலைக்கு வரும் பையன் முதலில் கேட்பது அரிப்பைப் பற்றித்தான். "தேங்காயெண்ணெய் தடவிட்டு வந்தா போதும்லா அண்ணாச்சி?" முழங்கை, கழுத்து, இடுப்பில் வார் இறுகும் இடமெல்லாம் சிவந்துவிடும். கொஞ்ச நாளில் தோல் பழகிவிடுகிறது, அதோடு பயமும் விட்டுப்போகிறது. நெல்லை வட்டாரத் தொழிற்கூடங்களில் காற்றுமாதிரி எடுக்கப் போகும் எனக்கு அந்தப் பழக்கம்தான் கவலை.

அரிப்பது தடித்த இழை. நுரையீரலுக்குள் ஆழமாக இறங்குவது 3 மைக்ரானுக்கும் மெல்லியது. கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் தெரியாது. சட்டைக் காலரில் ஃபில்டர், இடுப்பில் பம்ப் என்று மாட்டி ஓடவிட்டு, பிறகு மைக்ராஸ்கோப்பில் எண்ணினால்தான் அகப்படும். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 2006-ல் பரிந்துரைத்த வரம்பு, ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் 0.5 இழை.

அலுமினாவும் சிலிக்காவும் உருகி இழையாகும் உலைப் பக்கம் போனால் எல்லோரும் மாஸ்க்கைத் தேடுவார்கள். சூடும் சத்தமும் மிரட்டும். எனக்கோ இழையைக் கம்பளிபோல் ஆக்கிய பிளாங்கெட் வெட்டும் மேஜையும் அட்டைபோல் ஆக்கிய போர்டைத் தேய்த்து மட்டம் பார்க்கும் மூலையும்தான் உறுத்தும். அதைவிட மோசம், உலையின் உட்சுவரில் இருக்கும் பழைய லைனிங்கைப் பிடுங்குவது. 1000 டிகிரிக்கு மேல் நாள்பட வெந்த இழையில் கிரிஸ்டபலைட் என்ற படிக சிலிக்கா உருவாகிவிடும். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை புது இழையைப் புற்றுநோய் 'உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. மூச்சில் போகும் கிரிஸ்டபலைட் தூசி, 'உண்டாக்கும்' என்று உறுதியான முதல் பிரிவு. உலையை ஆறவிட்டு அதைப் பிடுங்க இறங்குவது பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள், முகத்தில் துண்டு.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஷெட்டுக்குள் புகுந்தால், "எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிரும் சார்" என்பார்கள். தரையில் படிந்ததை மறுபடி கிளப்புவதும் அதே காற்றுதான். விளக்குமாறும் அப்படித்தான்.

ஒரு கம்பெனியில் தூசியை ஊதித் தள்ளும் ஏர் ஹோஸைக் கழற்றிவிட்டு, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் வைத்த வேக்குவம் கொண்டுவந்தார்கள். எண்ணிக்கை இறங்கியது. ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் சண்டை. "சட்டைக்கு ஏர் அடிக்காம தாழையூத்து பஸ்ல எப்படி ஏறுதது? பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான்." அந்தத் தொழிலாளி கேட்டது நியாயம். மாற்றுச் சட்டை வைக்க ஒரு பெட்டியும் குளிக்க இடமும் இருந்தால் ஏர் எதற்கு? 2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948-ன் 42, 43 பிரிவுகள் கழுவும் வசதியையும் உடுப்பு வைக்க இடத்தையும் பற்றித்தான் பேசின. என் அறிக்கையில் இப்போதெல்லாம் இழைக் கணக்குக்கு முன்பாகவே அதை எழுதிவிடுகிறேன்.