திருட்டுப் பிரிவில் பிடிபட்ட ஆங்கில இலக்கணம்

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஆங்கில வாக்கியங்களை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்ற உதவும் அந்த அட்டவணைக் கட்டம் மறந்திருக்காது. சிம்பிள் என்றால் ‘இன் ஸ்பைட் ஆஃப்’, காம்ப்ளெக்ஸ் என்றால் ‘தோ’, காம்பவுண்ட் என்றால் ‘பட்’. அடுத்த வரியில் ‘டூ – டு’, ‘சோ – தட்’, ‘வெரி – அண்ட்’. மனப்பாடம் செய்தோம், மாற்றி எழுதினோம், மதிப்பெண்ணும் வந்தது. நீளமான ஒரு ஆங்கில வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காண அந்தக் கட்டம் துளியும் உதவாது என்பது மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

குற்றவியல் பாடத்தில் திருட்டுக்கான வரையறை வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 378-வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 303. எண்தான் மாறியது, வரையறையின் வாசகம் அதேதான்:

“ஹூவெவர், இன்டென்டிங் டு டேக் டிஸ்ஹானஸ்ட்லி எனி மூவபிள் ப்ராப்பர்ட்டி அவுட் ஆஃப் தி பொசஷன் ஆஃப் எனி பர்சன் வித்தவுட் தட் பர்சன்ஸ் கன்சென்ட், மூவ்ஸ் தட் ப்ராப்பர்ட்டி இன் ஆர்டர் டு சச் டேக்கிங், இஸ் செட் டு கமிட் தெஃப்ட்.”

இதில் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் நாலு தரம் படித்தால் நாலு மாதிரி இருந்தது.

விடுதியில் என் அறையில் இருந்த அண்ணன் பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு வந்தவர். புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல வினைமுற்று எத்தனை இருக்கு, எண்ணு தம்பி” என்றார். ஆங்கிலத்துக்கு எதற்கு வினைமுற்று என்று தோன்றியது. சரி, எண்ணித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

‘இன்டென்டிங்’ காலம் காட்டவில்லை, யார் என்றும் காட்டவில்லை. நம் ‘எண்ணி’, ‘கருதி’ போல அது எச்சமாகத் தொங்குகிறது. ‘டு டேக்’, ‘எடுக்க’ மாதிரி. ‘டேக்கிங்’, ‘எடுத்தல்’ மாதிரி தொழிற்பெயர். ‘டு கமிட்’டும் தேறவில்லை. மிஞ்சியவை இரண்டே: ‘மூவ்ஸ்’, ‘இஸ் செட்’. இரண்டு முற்று என்றால் உள்ளே இரண்டு வாக்கியங்கள். ‘ஹூவெவர்’ தொடங்கி ‘டேக்கிங்’ வரை ஒரு துணை வாக்கியம். அது முழுவதும் சேர்ந்து ‘இஸ் செட்’டுக்கு எழுவாயாக நிற்கிறது. “எவர் அந்தப் பொருளை நகர்த்துகிறாரோ, அவர் திருடியவர் எனப்படுவார்.” தமிழில் அந்த ‘அவர்’ வந்து முடிச்சைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் அது இல்லாததால்தான் வாக்கியம் நடுவில் அறுந்த மாதிரி இருந்தது.

சட்டத்தின் சூட்சுமமும் அங்கேயே இருந்தது. ‘எடுப்பது’ எண்ணத்தோடு நின்றுவிடுகிறது, ஏனென்றால் அது எச்சத்தின் கீழ் இருக்கிறது. செயலாக நடந்தாக வேண்டியது முற்றாக வரும் ‘நகர்த்துவது’ மட்டும்தான். அடுத்தவர் நிலத்து மரத்தைத் திருடும் எண்ணத்தோடு ஒருவன் வெட்டினால், மரம் நிலத்திலிருந்து துண்டான உடனே திருட்டு முடிந்துவிட்டது. வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. இது அந்தப் பிரிவிலேயே இருக்கும் உதாரணம். இன்னொன்றில் ஒருவன் அடுத்தவர் நாயைக் கவர்வதற்கான தீனியைப் பையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். நாய் அவன் பின்னால் கிளம்பிய அந்தக் கணமே அவன் திருடன். பாவம், நாய்க்கு எதுவும் தெரியாது.

அப்புறம் பென்சில் இல்லாமல் சட்டப் புத்தகத்தைத் தொடுவதில்லை. முற்றுக்கு வட்டம், துணை வாக்கியத்துக்கு அடைப்புக்குறி. கொலைக்கான வரையறையில் ‘இஃப் தி ஆக்ட் பை விச் தி டெத் இஸ் காஸ்ட் இஸ் டன்’ என்று வரும். இரண்டு முற்றுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அச்சுப் பிழையோ என்றே நினைக்கத் தோன்றும். ‘பை விச் தி டெத் இஸ் காஸ்ட்’டை அடைப்புக்குறிக்குள் தள்ளினால் ‘இஃப் தி ஆக்ட் இஸ் டன்’ என்று சுத்தமாக நிற்கிறது. தமிழில் “மரணத்தை விளைவித்த செயல்” என்று பெயரெச்சத்தை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவோம். ஆங்கிலம் பெயரை முதலில் சொல்லிவிட்டு அடைமொழியைப் பின்னால் இழுத்துவருகிறது. அதற்குள் வாசிப்பவன் எழுவாயைத் தொலைத்துவிடுகிறான்.

ரொம்ப ஏமாற்றுவது ‘எட்’ விகுதி. ‘தி டாக்குமென்ட்ஸ் சப்மிட்டட் பை தி அக்யூஸ்ட் வேர் ரிட்டர்ன்ட்’ என்பதில் ‘சப்மிட்டட்’டைப் பார்த்ததும் முற்று என்று வட்டம் போடக் கை போகும். ஆவணம் எதைச் சமர்ப்பிக்கும்? ‘விச் வேர்’ என்ற இரண்டு சொற்கள் அங்கே மறைந்திருக்கின்றன. முற்று, பின்னால் வரும் ‘வேர் ரிட்டர்ன்ட்’தான். மனுக்களில் இந்த வகை வாக்கியம் பக்கத்துக்குப் பக்கம் வரும். அரசியலமைப்பின் 348-வது பிரிவுப்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் என்பதால் இதைத் தாண்டிப் போகவும் வழியில்லை.

இப்போதும் நின்று நிதானித்துப் படிப்பது ‘நாட்வித்ஸ்டாண்டிங்’, ‘சப்ஜெக்ட் டு’, ‘ப்ரொவைடட் தட்’ மூன்றையும்தான். முதலாவது வந்தால் இந்தப் பிரிவு குறிப்பிட்ட மற்றதை மீறி நிற்கும். இரண்டாவது வந்தால் மற்றதற்கு இது அடங்கிப்போகும். மூன்றாவது பெரும்பாலும் மேலே சொன்னதற்கு ஒரு விலக்கைக் கொண்டுவரும். இந்த மூன்றையும் முதல் வாசிப்பில் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, முதன்மை வாக்கியம் கையில் வந்த பிறகுதான் திரும்பிப் போய்த் திறக்கிறேன்.