பட்டைக்குள் அவள்

நவம்பர் 2
திராட்சைக் கொடிக்கட்டையை இன்று வெளியே எடுத்துவிட்டேன். மழைக்காட்டு வேர்களைப் போல முறுக்கேறி அழகாக இருக்கிறது என்பதற்காகவே அதை வாங்கினேன். மூன்றே வாரத்தில் அடிப்பக்கம் முழுவதும் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அதன் கீழேதான் அவள், கண்ணாடித் தொட்டியில் நான் வளர்க்கும் ராட்சதச் சிலந்தி, இத்தனை நாளும் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3
இன்றும் கரப்பானைத் தொடவில்லை.

நவம்பர் 5
மறைவிடத்தைப் பற்றிய யோசனையிலேயே நாள் போயிற்று. சிரட்டை ஈரத்தைத் தாங்கும். ஆனால் 18 செ.மீ. கால் விரிப்புள்ள அவளைப் போன்ற தெரபோசா ஸ்டிர்மி இனச் சிலந்திக்கு அது போதாது, குஞ்சாக இருந்தபோது போதுமாயிருந்தது. பைன், தேவதாரு ஆகியவற்றின் பிசினும் எண்ணெயும் சிலந்திக்கு ஆகாதவை. மொபானி என்னும் ஆப்பிரிக்க மரத்தின் கட்டை கல்லைப் போலக் கனமானது; கண்ணாடித் தரையில் ஊன்றாமல், தொட்டியில் பரப்பிய தேங்காய் நார்த்தூளின் மேல் வைத்தால், அவள் அடியில் தோண்டும்போது சரிந்து அவளை நசுக்கிவிடும். கடைசியில் தக்கைப் பட்டையையே தேர்ந்தேன். போர்ச்சுகலில் தக்கை ஓக் மரத்திலிருந்து 9 ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிக்கப்படும் இந்தப் பட்டையில் உள்ள சுபெரின் என்னும் மெழுகு போன்ற பொருள் நீரை உள்ளே விடாது என்பதால் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதில்லை, சரிந்து விழுந்தாலும் காயப்படுத்தாத அளவுக்கு லேசாகவும் இருக்கிறது.

நவம்பர் 8
அரைக்குழல் வடிவப் பட்டை வந்துவிட்டது. கொதிநீர் ஊற்றி, உலர்த்தி, ஒரு விளிம்பு கண்ணாடியை ஒட்டியிருக்கும்படி சாய்வாகப் புதைத்தேன். கால்கள் இருபுறமும் சுவரைத் தொடும் அளவுக்கு உள்ளே குறுகலாக இருந்தால்தான் அவள் அச்சமின்றி இருப்பாள். வாயிலில் ஸ்பாக்னம் பாசியை வைத்து, பூஞ்சணத்தைத் தின்னும் ஸ்பிரிங்டெயில் பூச்சிகளையும் தூவினேன். கையுறையையும் மீறி மணிக்கட்டில் அவளுடைய அரிப்பூட்டும் ரோமம் ஏறி, நள்ளிரவு தாண்டியும் எரிகிறது.

நவம்பர் 9
உள்ளே போகவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் அருகிலேயே நிற்கிறாள்.

நவம்பர் 11
வயிற்றின் வழுக்கைத் திட்டு கறுத்துவிட்டது. சட்டை உரிக்கப்போகிறாள், இந்த நேரத்திலா நான் அவளுடைய இருப்பிடத்தைக் கலைத்தேன்? பூஞ்சணம் ஒரு வாரம் பொறுத்திருக்காதா? லண்டன் குளிருக்கு ஹீட்டர் ஓயாமல் ஓடி அறைக் காற்றை உலர்த்துகிறது. தண்ணீர் தெளிக்கக் கை பரபரக்கிறது, ஆனால் காற்றோட்டமில்லாத ஈரமே வறட்சியைவிட விரைவாகக் கொல்லும் என்று நம்புகிறேன். ஒரு மூலையில் மட்டும் அடி மண் நனையும்படி ஊற்றிவிட்டு மூடினேன்.

நவம்பர் 14
உள்ளே போய்விட்டாள்! பாசியையும் நார்த்தூளையும் உருண்டை உருண்டையாக வாயிலுக்கு இழுத்து வந்து நூலால் அடைத்திருக்கிறாள்.

நவம்பர் 15
கண்ணாடியில் கறுப்பு அட்டையை ஒட்டினேன். அந்தக் கட்டையின் ஈரவாடை அலமாரியில் இன்னும் இருக்கிறது. நாளை அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

நவம்பர் 19
இரவு 2.40. அட்டையின் ஓரத்தை விரலளவு விலக்கிப் பார்த்தேன். பட்டையின் உட்புறத்தில் வெண்ணிற நூல்பாய் விரிந்திருக்கிறது, அதில் அவள் தன் ரோமங்களையே பரப்பி வைத்திருக்கிறாள். மல்லாந்து கிடக்கிறாள். முன்னுடலின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது; கால்கள் அசையவில்லை. அட்டையை மறுபடியும் மூடிவிட்டேன்.