ஏழு வெள்ளி பிடித்தம்

ஆகஸ்ட் 13

மருந்தகப் படிப்பின் மூன்றாம் ஆண்டுக் கட்டணம் மாணவர் கணக்கில் ஏறிவிட்டது. இரவு சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் கைப்பேசியை நீட்டினேன். அவர் தொகையைப் பார்க்கவே இல்லை. "போன தடவை மாதிரி சேமநிதியில் எடுத்துக்கொள் பாப்பா" என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போய்விட்டார்.

இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான். மத்திய சேமநிதி என்பது சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து முதுமைக்காகச் சேரும் பணம். அதில் அவருடைய சாதாரணக் கணக்கிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற பணம் அன்பளிப்பு இல்லை, கடன். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து நான் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும். அதிகபட்சம் 12 ஆண்டுகள். 2.5 விழுக்காடு வட்டி, எடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. வங்கி வழியாக வரும் கல்விக் கட்டணக் கடனில் 90 விழுக்காடு வரை வாங்கலாம், படித்து முடிக்கும்வரை வட்டியே கிடையாது. இதை முதலாம் ஆண்டிலேயே தாளில் எழுதிக் காட்டினேன். "நீ கட்டுகிற வட்டி எனக்குத்தானே வருகிறது, வங்கிக்கா போகிறது?" என்றார். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவருக்கு வயது 54. கப்பல் பட்டறை வேலையில் முழங்கால் தேய்ந்துவிட்டது. அந்தக் கணக்கில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 19

உதவிநிதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னேன். வீட்டில் ஒரு சிறிய போர்.

"கை கால் நன்றாக இருக்கும்போது தர்மப் பணம் எதற்கு?" என்றார் அப்பா. அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டார்: "சின்னவன் சிண்டா வகுப்புக்குப் போகிறானே, அது என்ன கணக்கு?" சிண்டா என்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்.

"அதற்கு மாதாமாதம் என் சம்பளத்தில் 7 வெள்ளி பிடிக்கிறார்கள். அது என் காசு."

"பால் வாங்கினாலும் பருப்பு வாங்கினாலும் 9 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டுகிறீர்களே, அது யார் காசு?"

அம்மாவை ஏன் யாரும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பவில்லை என்று தெரியவில்லை. அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துச் சம்பளச் சீட்டுகளைக் கொடுத்தார்.

உதவிநிதிக்குக் குடும்பத்தின் மொத்த வருமானத்தைத் தலை எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்; தலைக்கு வரும் தொகை குறைந்தால் உதவி கூடும். நாங்கள் ஐந்து பேர். "என்னையும் சேர்த்துக்கொண்டார்களா?" என்று அப்பாயி கேட்டார். சேர்த்துக்கொண்டார்கள் என்றதும் முகத்தில் அப்படி ஒரு பெருமை. இந்த வீட்டில் தன்னால் ஒரு வரும்படி உண்டு என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 11

இன்று வகுப்பில் வார்ஃபரின், இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து. அப்பாயி மூன்று ஆண்டுகளாக விழுங்கும் அதே மாத்திரை. இரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். இந்த மருந்து அதன் வேலையைத் தடுக்கிறது. கீரையில் வைட்டமின் கே அதிகம். இது தெரிந்த யாரோ அப்பாயியிடம் கீரையே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் முருங்கைக்கீரையைத் தொடவில்லை. தேக்கா சந்தையில் அந்தக் கட்டுகளைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

விரிவுரையாளர் சொன்னது வேறு. கீரையை விடச் சொல்லாதீர்கள், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடச் சொல்லுங்கள். திடீரென்று கூட்டினால் மருந்தின் வேகம் குறையும், திடீரென்று நிறுத்தினால் இரத்தக் கசிவு ஆபத்து. அளவு மாறினால் இரத்தப் பரிசோதனை பார்த்து மருந்தைச் சரிசெய்துகொள்ளலாம்.

95ஆம் எண் பேருந்தில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் என் வெள்ளை அங்கி தொங்குகிறது, ஆனால் நான் இன்னும் மருந்தாளர் இல்லை. அடுத்த பரிசோதனையின்போது அங்கிருக்கும் மருந்தாளரிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 7

உதவிநிதி கிடைத்தது, எதிர்பார்த்ததைவிடக் குறைவாக. அப்பா கூடுதல் நேரம் வேலை செய்த மாதங்களும் கணக்கில் வந்து தலைக்கு இவ்வளவு என்ற எண்ணை ஏற்றிவிட்டன. எனக்காக உழைத்ததே எனக்கு எதிராகப் போயிற்று. அவரிடம் சொல்லவில்லை.

தனியார் அறநிதி ஒன்றின் நேர்காணலுக்கும் போனேன். பத்து நிமிடம். "ஏன் மருந்தகத் துறை, மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லையா?" என்றுதான் தொடங்கினார்கள். அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. என் தோழிக்கு மருத்துவமனைக் குழுமம் ஒன்று உபகாரச் சம்பளம் தருகிறது, பட்டம் வாங்கியதும் சில ஆண்டு அங்கேயே வேலை செய்தாக வேண்டும். எனக்கென்னவோ அது கட்டுப்பாடாகவே தோன்றவில்லை. எங்கே வேலை என்று இப்போதே தெரிந்துவிட்டதே.

மீதிக்கு வட்டியில்லாக் கடன் தரும் சிங்கப்பூர் இந்தியர் கல்வி அறக்கட்டளையில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 14

செய்முறைத் தேர்வு. அறைக்கு அறை மணி அடிக்கும். உள்ளே நோயாளியாக நடிப்பவர் ஒருவர், ஓரத்தில் மதிப்பெண் தாளோடு ஒருவர். எனக்கு வந்தவர் வார்ஃபரின் நோயாளி! உள்ளுக்குள் துள்ளினேன். கீரையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். மணி அடித்துக் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது: நாட்டு மருந்து, சீன மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவே இல்லை. அவர் டாங் குவாய் குடித்துக்கொண்டிருந்தாராம். இரத்தக் கசிவைக் கூட்டக்கூடிய வேர். அந்த அறை போயிற்று. தெரிந்த கேள்வி வந்தால் வாய் முந்திக்கொள்கிறது.

டிசம்பர் 3

அப்பாயியோடு மருத்துவமனைக்குப் போனேன். மருந்தாளர் கீரையைப் பற்றி அப்படியே சொன்னார். வாரத்துக்கு எத்தனை கரண்டி, எந்தக் கரண்டி என்று அப்பாயி விசாரித்தார். பிறகு மருந்தாளர் கேட்டார்: "வேறு ஏதாவது மருந்து, லேகியம், கஷாயம்?" அப்பாயி என்னைப் பார்த்தார். தஞ்சாவூரிலிருந்து அத்தை கொண்டுவந்த சூரணம் ஒன்று தலையணைக்கு அடியில் இருக்கிறதாம். மூன்று ஆண்டு ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை.

டிசம்பர் 31

விடுமுறையில் மருந்துக் கடையொன்றில் பகுதிநேர வேலை. அலமாரி அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது, மருந்தாளர் பேசும்போது பக்கத்தில் நின்று கேட்பது. இன்று முதல் சம்பளச் சீட்டு. சிண்டா என்ற வரிக்கு நேராக 1 வெள்ளி.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு பிஸ்கட் டின்னைத் திறந்து தம் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஏழு, ஒன்று.

"எட்டாயிற்று" என்றார். இரண்டையும் சேர்த்து மடித்து டின்னுக்குள் வைத்து மூடினார். சமையலறையில் அப்பாயி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நாளைக்குக் கடை உண்டா என்று கேட்டார். புத்தாண்டுதான், ஆனால் உண்டு. பத்து மணிக்குப் போக வேண்டும்.