கண்ணாடி அறைக்கு ஏசி வாங்கும் முன்

வீட்டை ஒட்டிக் கண்ணாடி அறை கட்டியவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, எத்தனை டன் ஏசி போடலாம் என்பதைத்தான். தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரியும். உச்சி வெயில் நேராக விழும்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் இறங்குகிறது. கண்ணாடிக் கூரை 10 சதுர மீட்டர் என்றால் அதன்மேல் 10 கிலோவாட் விழும், சாதாரண ஒற்றைக் கண்ணாடி அதில் 80 சதவீதத்துக்கு மேல் உள்ளே விட்டுவிடும். ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது சுமார் 3.5 கிலோவாட். இரண்டு டன் போட்டாலும் கூரை வழியாக வருவதற்கே போதாது, பக்கக் கண்ணாடிகளை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அதனால் முதல் செலவு நிழலுக்கு, அதுவும் வெளிப்பக்கம். உள்ளே திரை போட்டால் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும், அந்த வகை வெப்பக் கதிரைக் கண்ணாடி நேராக வெளியே போக விடாது. அதே துணியை வெளியே கட்டினால் சூட்டில் பெரும்பகுதி வெளிக்காற்றோடு போய்விடும். மழையிலும் காற்றிலும் துணி சீக்கிரம் நைந்துபோகும் என்பது உண்மைதான், இருந்தாலும் அவ்வப்போது துணி மாற்றுவது மாதாமாதம் கரண்ட் பில் கட்டுவதைவிட மேல் என்பேன். கூடவே கூரையின் உச்சியில் திறக்கும்படி ஒரு ஜன்னல், தரையை ஒட்டி இன்னொன்று. இரண்டும் வேண்டும், கீழே காற்று நுழைய வழி இல்லாவிட்டால் மேலே சூடான காற்று சரியாக வெளியேறாது.

குளிர்காலத்தில் கதை தலைகீழ். வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி, கண்ணாடிப் பரப்பு மொத்தம் 25 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கண்ணாடி என்றால் ஏறக்குறைய 2100 வாட் ஓயாமல் வெளியே போகும். நடுவில் ஆர்கான் வாயு அடைத்து லோ-இ என்ற, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு பூசிய நல்ல இரட்டைக் கண்ணாடி என்றால் 450 வாட் அளவுக்கு இறங்கிவிடும். மொத்தமாக மாற்றப் பணம் இல்லையா, கூரையை மட்டுமாவது முதலில் மாற்றுங்கள், கோடை குளிர் இரண்டிலும் அதிகம் படுத்துவது அதுதான். அப்புறம் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டங்களின் ஓரமாகக் கொண்டுபோங்கள், புகை எங்கே சட்டென்று வளைகிறதோ அங்கே காற்று கசிகிறது, ரப்பர் பட்டை ஒட்டினால் சரி.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வீட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் உள்ள கதவைக் கழற்றாதீர்கள். இடம் பெரிதாகத் தெரியும் என்று கழற்றிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வீட்டு ஏசியும் ஹீட்டரும் அந்தக் கண்ணாடிக்காகவே ஓடும். வாசல் கதவு போல இறுக்கமாக மூடும் கதவாக இருக்கட்டும்.

எல்லா இடுக்கையும் அடைத்த பிறகு குளிர்காலக் காலைகளில் கண்ணாடியில் நீர் பூக்கலாம், செடிகள் வைத்திருந்தால் இன்னும் அதிகம். மேல் ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து ஈரக் காற்றை விரட்டிவிட்டு மூடிவிடுங்கள்.